பேசிக்கொண்டே ஓடும் வேகம்

ஒஸ்லோ மத்திய நிலையத்தில் ரயில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் லில்லெஸ்ட்ரோம் வந்துவிடும். அந்தப் பயணத்தில் பெரும்பகுதி, 1999 இல் திறக்கப்பட்ட ரொமெரிக்ஸ்பொர்ட்டன் சுரங்கத்துக்குள், பதினாலரைக் கிலோமீற்றர் இருட்டில் கழிகிறது. வெளியே வந்தால் சமதரை. மேடும் பள்ளமும் பாறையுமான இந்த நாட்டில் இந்த ஊர் மட்டும் பாய் விரித்தது போலக் கிடப்பதற்குக் காரணம் ஆறுகள். நிட்டெல்வாவும் லெய்ராவும் குளொம்மாவும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் ஓயெரன் ஏரியின் வடதலையில் பெரிய கழிமுகமாக விரிந்திருக்கிறது. வட ஐரோப்பாவின் உள்நாட்டுக் கழிமுகங்களில் இதுவே பெரியது என்பார்கள். குளொம்மாவில் மரக்குற்றிகளை மிதக்கவிட்டுக் கொண்டுவரும் தொழில் 1985 வரைக்கும் நடந்தது. இன்று இந்த ஆற்றங்கரைகள் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் ஓடுபவர்களுக்கும் சொந்தம். ஓட்டத்தைப் பற்றி எனக்குள்ள நினைவுகளில் பெரும்பங்கு நிட்டெல்வாக் கரையோடு ஒட்டியவை. பல கோடைகளும் பல பனிக்காலங்களும் அந்தக் கரையில் ஓடியும், ஓடுபவர்களைப் பார்த்தும், இதைப்பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடிப் படித்தும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பொழுதுபோக்காக ஓடத் தொடங்கும் எங்களைப் போன்றவர்கள் முன்னேற வேண்டுமானால், முதலில் மெதுவாக ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு இலகுவான காரியம். செய்வதற்கு இதைப்போலக் கடினமான ஒன்றை ஓட்டத்தில் நான் கண்டதில்லை.

கடினம் எங்கே இருக்கிறது என்று யோசித்தால், அது ஊரிலிருந்து கொண்டுவந்தது என்றே தோன்றுகிறது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் படித்த எவருக்கும் ஓட்டம் என்ற சொல்லோடு நினைவில் எழுவது இல்ல விளையாட்டுப் போட்டிதான். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு, இல்லத்துக்கு ஒரு நிறத்தில் கொடி, 100 மீற்றர், 200 மீற்றர், அஞ்சல், முதல் மூன்று பேருக்கு மேடை. நெடுந்தூரம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் மரதன். அதுவும் ஒரு மாதப் பயிற்சிகூட இல்லாமல், விடியற்காலையில் ஊர் றோட்டில், முதலாவது வளைவிலேயே பாதிப் பேர் மூச்சு வாங்கிக் குந்திவிடும் ஓட்டம். எங்கள் தலைமுறைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்பட்டவரும் கணத்தில் எகிறி எழுந்தவரே: 1958 இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அவரைப் பற்றிய பெருமையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் வெல்பவனுக்கு மட்டும் உரியது ஓட்டம், தோற்பவன் நிழலில் போய் இருக்க வேண்டியவன் என்ற பாடம் பன்னிரண்டு வயதிலேயே எங்கள் கால்களுக்குள் இறங்கிவிட்டது. நாற்பது வயதில், வைத்தியர் சீனியையும் கொழுப்பையும் காட்டி எச்சரித்த பிறகு புதுச் சப்பாத்து வாங்கி வெளியே இறங்குகிறவர், அந்தப் பன்னிரண்டு வயதுக் கால்களோடுதான் இறங்குகிறார். முதல் நாளே மூச்சுமுட்ட ஓடுகிறார். மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் கிழமை சப்பாத்து அலுமாரிக்குள் போய்விடுகிறது. ‘எனக்கு ஓட்டம் சரிவராது’ என்ற தீர்ப்போடு விஷயம் முடிகிறது. சரிவராமல் போனது வேகம் மட்டுமே என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

நோர்வேஜிய மொழியில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: ‘ஸ்னக்கெடெம்போ’. பேச்சு வேகம் என்று பொருள். பக்கத்தில் ஓடுபவரோடு தடையில்லாமல் கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகம். ஞாயிறு முற்பகலில் நிட்டெல்வாக் கரையில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். அறுபது வயதுப் பெண்கள் இருவர், தலையில் கம்பளித் தொப்பி, முழங்கை உடலோடு ஒட்டி, அடி சின்னதாக, சரளைக்கல் மீது சப்பாத்து உரசும் சத்தம் ஒரே சீராக. பேச்சு ஓரிடத்திலும் அறுவதில்லை. அவர்களைக் கடந்து போக எங்களுக்குக் கால் துடிக்கும். கடந்தும் போவோம். இரண்டு கிலோமீற்றர் தள்ளி நாங்கள் இடுப்பில் கைவைத்து நிற்கும்போது, அதே பேச்சோடு அவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள். இந்த வேகத்தை அறிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. ‘நாளைக்குப் பின்னேரம் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது’ என்ற வசனத்தை ஒரே மூச்சில், நடுவில் இழுக்காமல் சொல்ல முடிந்தால் அது சரியான வேகம். ‘பிள்ளையை’ என்ற இடத்தில் மூச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தொடக்கக்காரருக்கு அது ஓட்டமும் நடையும் கலந்த வேகமாகவே இருக்கும். நடந்தால் தோல்வி என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

இது தளர்ந்தவர்களுக்கான ஆறுதல் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம்; உலகின் வேகமான ஓட்டக்காரர்கள் பலர் இந்த வழியில்தான் உருவானார்கள். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆர்தர் லிடியார்ட், ஒரு நண்பரோடு சில மைல் ஓடித் தன் உடல் எவ்வளவு தளர்ந்துவிட்டது என்று உணர்ந்த பிறகு, தன் உடலையே சோதனைக்கூடமாக்கி ஆண்டுக்கணக்கில் ஓடிப் பார்த்தார். மூச்சு முட்டாத நெடுந்தூர ஓட்டத்தை மாதக்கணக்கில் அத்திவாரமாகப் போட்டு, அதன் மேல்தான் வேகத்தைக் கட்ட வேண்டும் என்பது அவர் கண்டது. வெறும் 800 மீற்றர் ஓடுகிற பீற்றர் ஸ்னெல்லைக் கிழமைக்கு 160 கிலோமீற்றர் அளவுக்கு ஓடவைத்தார். 1960 இல் ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீற்றரிலும், லிடியார்டின் இன்னொரு மாணவர் மரே ஹால்பெர்க் 5000 மீற்றரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அதே லிடியார்ட்தான் பின்னர் ஒக்லாந்தில் இருதய நோய் கண்ட நடுவயதுக்காரர்களைச் சேர்த்து மெதுவோட்டக் குழுவொன்றைத் தொடக்கியவர். அங்கே போய் அதைப் பார்த்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், 1967 இல் ஓர் இருதய வைத்தியரோடு சேர்ந்து ‘ஜொக்கிங்’ என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். ஒலிம்பிக் தங்கமும் பூங்காவில் ஓடும் தாத்தாவும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மெதுவோட்டம் பலன் தருவதற்கான காரணமும் ஆராயப்பட்டிருக்கிறது. 1967 இல் ஜோன் ஹொலொஸி என்ற ஆய்வாளர் எலிகளைக் கிழமைக்கணக்கில் ஓட்டப்பட்டையில் ஓடவிட்டுப் பார்த்தபோது, அவற்றின் தசைகளில் ஒட்சிசனைக் கொண்டு சக்தி எடுக்கும் இழைமணிகளின் ஆற்றல் ஏறத்தாழ இரட்டித்திருந்தது. நாள்தோறும் அளவாகத் தொடரும் ஓட்டம் மனிதத் தசையிலும் இந்த மாற்றத்தைக் கொண்டுவருகிறது. நுண்குழாய்கள் பெருகுகின்றன, இருதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடுகிறது. இந்த வேலை நேரம் எடுக்கும். மூச்சும் இருதயமும் சில கிழமைகளில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேற மாதங்கள் வேண்டும். புதிதாக ஓடுபவர் அடிபடுவது இந்த இடைவெளியில்தான்: மூச்சு ‘போ’ என்கிறது, குதிக்கால் தசைநாண் ‘பொறு’ என்கிறது. நோர்வேயின் தென்கரையில் கிறிஸ்தியான்சாந்தில் உள்ள அக்டர் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் அமெரிக்கரான ஸ்டீபன் சைலர், இளம் பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சியை அளந்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் பயிற்சிகளில் முக்கால்வாசி சிரமமில்லாத வேகத்திலேயே நடந்ததைக் காட்டினார். படகோட்டிகள், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் என்று எந்தத் துறையின் உச்சியில் உள்ளவர்களைப் பார்த்தாலும் இந்தக் கணக்கு ஏறத்தாழ ஒத்துவந்தது. ஐந்தில் நாலு பங்கு மெதுவாக, ஒரு பங்கு கடுமையாக என்ற வாய்ப்பாடு இதிலிருந்து வந்ததே.

இன்று உலகமே ‘நோர்வே முறை’ என்று பேசுகிறது. யாக்கொப் இங்கெப்ரிக்ட்சன் தோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீற்றரிலும், 2024 இல் பாரிசில் 5000 மீற்றரிலும் தங்கம் வென்ற பிறகு, இந்த நாட்டின் ஓட்டக்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த முறைக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் மாரியுஸ் பாக்கன். வைத்தியர், 5000 மீற்றர் ஓட்டக்காரர், 2004 இல் 13 நிமிடம் 6 செக்கனில் அந்தத் தூரத்தை ஓடியவர். ஓடும்போது இடையில் நின்று, ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைச் சிறு கருவியில் வைத்து, கடுமையாக ஓடினால் கூடும் லக்ரேற் அதில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அந்த முறையின் மையம். ஆயிரக்கணக்கான முறை அவர் தன்னிலேயே இப்படிப் பார்த்தார். அந்தக் கருவி எதற்கு என்பதைத்தான் எங்களில் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறோம். இன்னும் வேகமாக ஓடு என்று விரட்டுவதற்கான சவுக்கு என்று எண்ணுகிறோம். உண்மையில் அளவு கூடினால் உடனே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அந்தக் கருவி ஒரு தடுப்பு. உலகத்தின் அதிவேகக் கால்களை உடையவர்களே தங்கள் ஆசையை நம்பாமல், ஒரு துளி இரத்தத்திடம் அனுமதி கேட்டு ஓடுகிறார்கள் என்றால், கிழமைக்கு மூன்று முறை ஓடும் நாங்கள் எங்கள் ஆசையை எவ்வளவு நம்பலாம்?

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது இதே நாட்டிலிருந்து வருகிறது. ட்ரொண்ட்ஹைமில் யான் ஹெல்கெருட்டும் அவருடைய குழுவினரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது ஆண்களை நாலு குழுவாகப் பிரித்து, கிழமைக்கு மூன்று தரம், எட்டுக் கிழமைகளுக்கு ஓடவைத்தார்கள். நாலு நிமிடம் கடுமையாக ஓடி மூன்று நிமிடம் தளர்வாக ஓடுவதை நாலு தடவை செய்த குழுவின் அதிகூடிய ஒட்சிசன் ஏற்பு 7 வீதத்துக்கு மேல் கூடியது. மெதுவாக 45 நிமிடம் ஓடிய குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. நேரமில்லாத மனிதருக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும், மெதுவாக ஓடி ஏன் காலத்தைக் கழிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். நான் இந்த ஆய்வை மறுக்கவில்லை; மதிக்கிறேன். ஆனால் அதில் ஓடியவர்கள் ஏற்கனவே ஓரளவு பயிற்சி பெற்றவர்கள். வேகத்தைத் தாங்கும் கால்கள் அவர்களிடம் இருந்தன. அளக்கப்பட்டது எட்டுக் கிழமை. எங்களுக்கு வேண்டியது எட்டு ஆண்டு. கிழமைக்கு மூன்று முறை தொண்டை வறள ஓடுவதை ஆய்வுகூடத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று ஊக்கும்போது செய்யலாம். நவம்பர் மாதத்து இருட்டில், எட்டு மணி நேர வேலை முடித்து வந்து, அடுப்பில் சோறும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் காத்திருக்கும்போது செய்வது வேறு. அந்த நாலு தர நாலு நிமிடத்தைக் கிழமையில் ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள் என்றே நானும் சொல்வேன். மற்ற நாட்கள் மெதுவாக இருந்தால்தான் அந்த ஒரு நாளைச் சரியாகச் செய்யக் கால் மிஞ்சும்.

இரண்டாவது மறுப்பு: கிழமைக்கு 160 கிலோமீற்றர் ஓடுபவனுக்குத்தான் ஐந்தில் நாலு பங்கு மெதுவாக என்ற கணக்கு, இருபது கிலோமீற்றர் ஓடுபவன் ஏன் அதைப் பின்பற்ற வேண்டும்? இதைச் சாதாரண ஓட்டக்காரரிடமே சோதித்தார்கள். 2014 இல் வெளிவந்த ஸ்பானிய ஆய்வொன்றில் பொழுதுபோக்காக ஓடும் முப்பது பேர் பத்துக் கிழமை பயிற்சி செய்தார்கள். பெரும்பகுதி மெதுவாகவும் சிறுபகுதி கடுமையாகவும் ஓடிய குழு பத்துக் கிலோமீற்றர் நேரத்தில் 5 வீதம் முன்னேறியது. நடுத்தர வேகத்திலேயே நிறைய ஓடிய குழு 3.6 வீதம் முன்னேறியது. வேறுபாடு சிறிது, உறுதியான முடிவென்று சொல்ல அது போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் மெதுவாக ஓடியவர்கள் பின்தங்கவில்லை என்பதே எனக்குப் போதும், ஏனென்றால் பொழுதுபோக்கு ஓட்டக்காரரின் முதல் எதிரி அடிபடுதல். நெதர்லாந்தில் குரோனிங்கன் ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்டது இங்கே நினைக்கத்தக்கது: புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரில் ஒரு பகுதியினர் கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டாத படிப்படியான திட்டத்தில் ஓடினார்கள், மற்றவர்கள் வழமையான திட்டத்தில் ஓடினார்கள். இரு பகுதியிலும் ஐந்தில் ஒருவர் அடிபட்டார். ‘பத்து வீத விதி’ என்று எல்லோரும் ஓதும் மந்திரம் தனியாகக் காப்பாற்றவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, எண்களின் விதியைவிட உடலின் பேச்சைக் கேட்கப் பழகுவதே முக்கியம் என்பது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிக்கால் வலித்தால் அன்று ஓட்டம் இல்லை. மெதுவாக ஓடுகிறவருக்கு அந்தப் பேச்சு கேட்கும். மூச்சு இரைப்பவருக்கு அது கேட்பதில்லை.

மூன்றாவது மறுப்பு எங்கள் வீடுகளில் பிறந்தது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ‘நாள் முழுக்க நின்று முறிகிறோம், இதுக்கு மேலே ஓட வேறு வேணுமோ?’ எண்பதுகளில் மக்கள் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களாக இந்த நாட்டுக்கு வந்தவர்களும், வடக்கே பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் குளிர்நீரில் கைவைத்து நின்றவர்களும், பின்னர் ஒஸ்லோவைச் சுற்றிக் குடியேறித் துப்புரவு வேலையிலும் சமையற்கூடங்களிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்தவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அதில் பொய் இல்லை. அந்தக் களைப்பு உண்மை. ஆனால் உழைப்பின் அசைவும் ஓய்வு நேரத்து அசைவும் உடலுக்கு ஒன்றல்ல என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கோப்பன்ஹேகனில் 104,046 பேரைப் பின்தொடர்ந்து 2021 இல் வெளியான டேனிய ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இருதய நோயும் இறப்பும் குறைந்தன; வேலையில் மிகக் கடுமையாக உடலுழைத்தவர்களுக்கு இரண்டும் கூடின. வேலையில் சுமை நீளும், ஓய்வு எங்கள் கையில் இல்லை, இரத்த அழுத்தம் மணிக்கணக்கில் இறங்காமல் நிற்கும். ஓட்டத்தில் இருதயம் அரை மணி நேரம் எழுந்து, பிறகு முழுதாக இளைப்பாறும். இப்படித்தான் அந்த வேறுபாட்டை விளக்குகிறார்கள். 2002 இல் ஒஸ்லோவில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இலங்கை, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் நடத்திய சுகாதார ஆய்வில், நீரிழிவு கூடுதலாக இருந்தவர்கள் பாகிஸ்தானியரும் இலங்கையரும். ஒஸ்லோவில் இலங்கையர் என்றால் பெரும்பாலும் தமிழர். ஆகவே களைத்த உடலுக்கு மேலும் ஒரு சுமையாக ஓட்டத்தை நான் சொல்லவில்லை. களைத்த உடலுக்கு வேகமான ஓட்டம் சுமைதான். பேச்சு வேகத்தில் இருபத்தைந்து நிமிடம் ஓடிவிட்டு வந்தால் தோளும் முதுகும் இளகி, இரவு நித்திரை ஆழமாகும். இருக்கிற களைப்பைக் கூட்டாத ஒரே வகை ஓட்டம் மெதுவான ஓட்டம் என்பதால்தான், எங்கள் ஆட்களுக்கு இது மற்ற எவரையும்விடக் கூடுதலாகப் பொருந்துகிறது.

எவ்வளவு ஓடினால் போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த 2014 ஆம் ஆண்டு ஆய்வில், நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த வேகத்தில் ஓடியவர்களுக்கே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. முழங்கால் தேய்ந்துவிடும் என்று அம்மாமார் பயப்படுவார்கள். 2017 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டுத் தேய்வு பொழுதுபோக்கு ஓட்டக்காரரில் 3.5 வீதம், ஓடாமல் இருப்பவர்களில் 10.2 வீதம், போட்டிக்காக ஓடும் வீரர்களில் 13.3 வீதம். ஆரோக்கியமானவர்கள்தானே ஓட வருகிறார்கள், அதனால் கணக்கு அப்படித் தெரிகிறது என்று மறுக்கலாம்; அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பொழுதுபோக்கு ஓட்டம் முழங்காலைத் தின்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு சான்றும் இல்லை. நாற்பதைக் கடந்தவர், நீரிழிவோ குடும்பத்தில் மாரடைப்போ உள்ளவர், தொடங்குமுன் தன் குடும்ப வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வெட்கம் என்று எழுதும்போதுதான் விஷயத்தின் அடிக்கு வந்திருக்கிறேன். மெதுவாக ஓடுவதற்கு எங்களைத் தடுப்பது பார்ப்பவர்களின் கண். தெரிந்த முகம் சைக்கிளில் வந்தால் வேகம் தானாகக் கூடுகிறது. அவர் வளைவில் மறைந்ததும் நடை வருகிறது. பெண்களுக்கு இது இன்னும் பாரம். ஓடும் உடுப்போடு வாசலைத் தாண்டுவதே ஒரு தீர்மானம். அதற்கு மேல் மெதுவாக, சிவந்த முகத்தோடு, நாலு பேர் பார்க்க ஓடுவது இன்னொரு தீர்மானம். இந்த இடத்தில் ஒஸ்லோவின் ஆசிரியை ஒருவரை நினைக்க வேண்டும். 1980 வரைக்கும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகூடிய தூரம் 1500 மீற்றர். அதற்கு மேல் பெண்ணுடல் தாங்காது என்று நம்பினார்கள். 1978 இல் அந்த ஆசிரியை, கிரேட்டெ வைட்ஸ், நியூயோர்க் மரதனுக்கு மற்றவர்களின் வேகத்தை இழுத்துக்கொடுப்பதற்காக அழைக்கப்பட்டுப் போனார். அதற்கு முன் அவர் ஒரே மூச்சில் ஓடிய தூரம் மரதனில் ஏறத்தாழப் பாதிதான். 2 மணி 32 நிமிடம் 30 செக்கனில் உலகச் சாதனையோடு முடித்தார். அந்த மரதனை மொத்தம் ஒன்பது தடவை வென்றார். 1984 இல் பெண்களின் முதல் ஒலிம்பிக் மரதனில் வெள்ளி அவருக்கு. ஆனால் 1992 இல் அவர் அதே நியூயோர்க்கில் ஓடிய ஒரு மரதனைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். அந்தப் போட்டியை வளர்த்தெடுத்த பிரெட் லெபோ மூளைப் புற்றுநோயோடு, அறுபது வயதில் ஓடத் தீர்மானித்தபோது கிரேட்டெ வைட்ஸ் அவர் பக்கத்தில் ஓடினார். முடித்த நேரம் 5 மணி 32 நிமிடம். தன் சாதனையைவிட மூன்று மணி நேரம் கூடுதலாக, நகரமே பார்த்திருக்க, நண்பரின் அடிக்குத் தன் அடியை அளந்து வைத்தபடி ஓடினார் உலகச் சம்பியன். மெதுவாக ஓடுவதில் குறைச்சல் ஏதும் இருந்திருந்தால் அந்த மனிதர் அதைச் செய்திருக்க மாட்டார். 2011 இல் புற்றுநோயே அவரையும் கொண்டுபோனது.

குளிர்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பரில் இங்கே பகல் ஆறு மணி நேரம். லில்லெஸ்ட்ரோமின் தாழ்நிலத்தில் குளிர் தேங்கி நிற்கும். ஒஸ்லோவைவிட இங்கே பல பாகை குறைந்திருக்கும் நாட்கள் உண்டு. ஆற்றங்கரைப் பாதை மிதிபட்டு இறுகிய பனியாகி, ஜனவரியில் கண்ணாடியாகும். அதன் மேல் நகரசபை சரளை தூவும். ஏப்ரலில் பனி உருகியதும் அந்தச் சரளை முழுக்கப் பாதையில் மிஞ்சிக் கிடக்கும். சப்பாத்துக்குக் கீழே இரும்பு முள் பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டால் அந்தக் கண்ணாடி மீதும் ஓடலாம். ஒவ்வொரு அடியிலும் முள் பனியைக் குத்தும் சத்தம், கடலை வறுக்கும் சட்டியைப் போல. இந்த நாட்டு மொழியில் ‘டோர்ஸ்டொக்மீலா’ என்று இன்னொரு சொல் உண்டு. இங்கே ஒரு மீல் என்றால் பத்துக் கிலோமீற்றர். வாசற்படியைத் தாண்டும் அந்த ஓர் அடிதான் பத்துக் கிலோமீற்றர் நீளம் என்கிறது அந்தச் சொல். வெளியே காத்திருப்பது வேதனை என்று தெரிந்தால் அந்தப் பத்துக் கிலோமீற்றர் இருபதாகும். வெளியே காத்திருப்பது பேசிக்கொண்டு போகும் ஓட்டம் என்றால் அது சுருங்கும். பனியில் வேகமாக ஓட முடியாது என்பதும் நல்லதற்கே; எங்களில் பலருக்கு அத்திவாரம் போட்டுத் தந்தது நவம்பர் முதல் மார்ச் வரையான அந்தக் கட்டாய மெதுவோட்டமே.

மெதுவாக ஓடுவதால் வரும் முன்னேற்றம் எப்படித் தெரியும்? பல மாதங்கள் தெரியவே தெரியாது. பிறகு ஒருநாள், முன்பு மூச்சு அறுந்த வசனம் அறாமல் முடியும். அதே இருதயத் துடிப்பில் கிலோமீற்றருக்கு எட்டு நிமிடம் ஏழரையாகும், ஏழரை ஏழாகும். பத்துக் கிலோமீற்றரை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது நாற்பதில் தொடங்கிய பலருக்கும் எட்டக்கூடிய இலக்குத்தான், அதைத் துரத்தாமல் அது தானாக வர விட்டால். வயது போய்விட்டது என்பவர்கள் முள்ளியவளையைப் பார்க்க வேண்டும். அந்த ஊரைச் சேர்ந்த, எழுபதைத் தாண்டிய அகிலத்திருநாயகி 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் வென்று வந்தார். போர் தின்ற வன்னி மண்ணிலிருந்து ஒரு பாட்டி அதைச் செய்திருக்கிறார். வெளிச்சம் போட்ட பாதையும் இரும்பு முள் பட்டியும் உள்ள எங்களுக்குச் சாட்டுச் சொல்ல அதிகம் மிஞ்சவில்லை.

ஆகவே லில்லெஸ்ட்ரோமிலும் சுற்றிலும் இருக்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். 2004 இல் லண்டன் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கிய பார்க்ரன் இன்று நோர்வேயிலும் சனிக்கிழமை காலைகளில் நடக்கிறது. ஐந்து கிலோமீற்றர், கட்டணம் இல்லை, தொண்டர்களே நடத்துகிறார்கள். ஓடலாம், நடக்கலாம், இரண்டையும் கலக்கலாம். அண்ணாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கதைத்துக்கொண்டே ஓடுங்கள். முதல் ஆறு கிழமைக்குக் கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கடைசியாக வந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்: பார்க்ரனில் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருக்கிறார், கடைசியாக முடிக்கும் இடம் அவருக்குரியது.